ஒரு வில், இரண்டு கைகள்

மிதிலையில் வில் முறிந்தபோது தேவர்கள் பூமாரி பொழிந்தார்களாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் வில் முறிந்தபோது சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிதான் பொழிந்தது. அங்கே உடனே கல்யாண ஏற்பாடு நடந்தது. இங்கே இரண்டு நாளைக்கு யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

"உத்தியோகமும் சமையலறையும் போதாதென்று உனக்கு வில் வேறா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் கணவரும் அதையேதான் கேட்டார். ஆனால் சகோதரிகளே, ஒரு மர வில் செய்வதற்கு வேண்டிய சாமான்களில் பாதி நம் வீட்டிலேயே இருக்கிறது. சமையலறைத் தராசு, கொஞ்சம் பஞ்சு, ஒரு மெழுகுவர்த்தி, பெட்டியின் அடியில் கிடக்கும் கிழிந்த பட்டுப் புடவை. இவற்றோடு நம்மிடம் எப்போதும் உள்ள பொறுமை. மீதிப் பாதிக்கு ஒரு மரக்கடையும் ஒரு லேத் பட்டறையும் போதும். எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். எங்கள் முதல் வில் ஏன் முறிந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வித்தையின் சாரமே அதில்தான் இருக்கிறது.

ஏன் இரண்டு துண்டு?

என் மகளுக்கு 12 வயது. கோடை விடுமுறையில் பத்து நாள் வில் பயிற்சி முகாமுக்குப் போய் வந்தாள். பதினோராம் நாளே, "எனக்குச் சொந்தமாக ஒரு வில் வேண்டும்" என்று ஆரம்பித்துவிட்டாள். பெரிய போட்டிகளுக்கு உபயோகிக்கும் வில்லின் விலையை விசாரித்தேன். அந்தப் பணத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டியும் ஒரு சலவை இயந்திரமும் வாங்கி, மிச்சத்தில் திருப்பதிக்கும் போய் வரலாம் போலிருந்தது.

"கடைக்கு எதற்கு அம்மா? மர வில்லாக நாமே பண்ணிவிடலாம்" என்றார் என் மாமனார்.

அவர் ரயில்வே பட்டறையில் மர வேலை செய்து ஓய்வு பெற்றவர். மரத்தைத் தொட்டுப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் இப்போது வயது 78, கை நடுங்குகிறது. "கண் என்னுடையது, கை உன்னுடையது. சம்மதமா?" என்றார். சம்மதித்தேன்.

அடுத்த கேள்வி, வில்லை எங்கே வைப்பது, எப்படி எடுத்துப் போவது? நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஐந்தடிக்கு மேல் நீளமுள்ள வில்லைத் தூக்கிக்கொண்டு படி வளைவில் திரும்பினால் பக்கத்து வீட்டு அழைப்பு மணி தானாக அடிக்கும். ஆட்டோவில் ஏற்றினால் பாதி வில் வெளியே நீட்டிக்கொண்டு வரும். ஆகவே, நடுவில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும்படியான இரண்டு துண்டு வில்தான் என்று தீர்மானித்தோம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமாட்டிகளும் கனவான்களும் குதிரை வண்டியில் ஏறி வில் விளையாட்டுக்குப் போவார்கள். ஆளுயர வில் வண்டிக்குள் அடங்காதல்லவா? அதனால் பிடியின் நடுவில் உலோகக் குழல் வைத்து, இரண்டாகக் கழற்றும்படி வில் செய்தார்கள். அதற்கு ‘வண்டி வில்’ என்றே பெயர். நம் நாட்டிலும் வடக்கே முழுவதும் எஃகினால் செய்த விற்கள் இருந்தன. அவற்றில் சில, பிடியின் நடுவில் திருகிக் கழற்றும்படி அமைந்தவை.

சீமாட்டிகள் என்றேனே, அவர்களைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஆலிஸ் லீ என்ற பெண்மணி 1881-க்கும் 1922-க்கும் இடையே 23 தடவை இங்கிலாந்தின் வில் சாம்பியனாக வந்தார். 1908-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் வில்லுக்குத் தங்கப் பதக்கம் வாங்கிய குவீனி நியூவலுக்கு அப்போது வயது 53. அவரிடம் தோற்று இரண்டாவதாக வந்தவர் லாட்டி டாட். விம்பிள்டன் டென்னிஸில் ஐந்து முறை பட்டம் வென்றவர்! நம் நாட்டில், ராஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, சிறு வயதில் மாங்காயைக் கல்லால் குறி பார்த்து அடித்து, வீட்டில் செய்த மூங்கில் வில்லால் பழகியவர். 2010-இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் பந்தயங்களில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றார். வீட்டில் செய்த வில்லை யாரும் இளப்பமாகப் பேச வேண்டாம்!

மரம் பார்த்தல்

பெண் பார்ப்பதைவிட ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டிய காரியம் இது. தேக்கு வேண்டாம். தேக்கு அசையாமல் நிற்பதற்குப் பேர் போன மரம்; நமக்கு வேண்டியது வளைந்து கொடுத்து மறுபடி நிமிரும் மரம். இறக்குமதி மரம் விற்கும் கடைகளில் ‘ஆஷ்’ என்று கேளுங்கள். கிரிக்கெட் ஸ்டம்பும், மேல்நாடுகளில் மண்வெட்டிப் பிடியும் செய்கிற மரம் அது.

ஒரு அங்குலக் கனம், ஆறு அங்குல அகலம், மூன்றடி நீளத்தில் ஒரு பலகை போதும். இங்கேதான் இரண்டு துண்டு வில்லின் முதல் லாபம். ஆறடிக்குக் குற்றமில்லாத பலகை தேடினால் கடை கடையாக அலைய வேண்டும். மூன்றடிக்குக் குற்றமில்லாத பலகை அநேகமாக எந்தக் கடையிலும் ஒன்றாவது இருக்கும்.

குற்றம் என்றால் என்ன? பலகையின் மேல் மர இழைகள் கோடு கோடாக ஓடுவதைப் பாருங்கள். ஒரு முனையில் புறப்பட்ட கோடு, இழைக் கோலம் போல், மறு முனை வரையில் அறுபடாமல் போக வேண்டும். நடு வழியில் பக்கவாட்டில் ஓடி விளிம்பில் முடிந்துவிட்டால், வில் அந்த இடத்தில்தான் பிளக்கும். கணு இருந்தாலும் வேண்டாம். என் மாமனார் 14 பலகைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து 13-ஐ நிராகரித்தார். கடைக்காரர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்ததற்குக் காரணம் மரியாதையா, களைப்பா என்று தெரியவில்லை.

பலகையிலிருந்து, ஒன்றே முக்கால் அங்குல அகலமும் 32 அங்குல நீளமும் உள்ள மூன்று துண்டுகளை அடுத்தடுத்து அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வில்லுக்கு இரண்டுதான் வேண்டும், மூன்றாவது ஆபத்துக்கு. ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த துண்டுகள் உடன்பிறந்தவை போல, குணம் ஒத்துப்போகும்.

மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் செய்த வில் வளைந்தபடியே நின்றுவிடும். உலர்ந்ததா என்று எப்படித் தெரியும்? சமையலறைத் தராசில் துண்டை நிறுத்து எடையை எழுதி வையுங்கள். காற்றாடும் நிழலில் வைத்து, வாரம் ஒரு முறை நிறுத்துக்கொண்டே வாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் குறையாமல் நின்றுவிடும். அன்றைக்கு நல்ல நாள் பார்த்து வேலையை ஆரம்பிக்கலாம்.

முதுகும் வயிறும்

வில்லுக்கு முதுகும் உண்டு, வயிறும் உண்டு. இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு; எய்கிறவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. ஆகையால் முதுகை ஒரு தடவை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியபின் அதன் மேல் ஆயுதமே படக் கூடாது. கனத்தைக் குறைப்பதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான்.

ஒவ்வொரு துண்டிலும் முதல் மூன்று அங்குலம் குழாய்க்குள் போகிற பாகம். அங்கே ஒரு அங்குலக் கனமும் அப்படியே இருக்கட்டும். அடுத்த இரண்டு அங்குலத்தில் கனம் சரிவாகக் குறைந்து அரை அங்குலத்துக்கு வர வேண்டும். மீதி 27 அங்குலம்தான் வளைகிற கை. அது அடியில் அரை அங்குலக் கனம், நுனியில் அரைக்கால் அங்குலம் குறைவு. அகலம் பாதி நீளம் வரையில் ஒன்றரை அங்குலம். அதற்குமேல் ஒடுங்கி நுனியில் அரை அங்குலம். முதலில் இழைப்புளி, பிறகு மர அரம், கடைசியில், ஆசாரிகள் செய்வது போல் கண்ணாடிச் சில்லால் சுரண்டல். கண்ணாடியைப் பிடிக்கும் விரல்களுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். விளிம்புகளை மழுக்கிவிட மறக்க வேண்டாம். கூரான விளிம்பில்தான் சிம்பு கிளம்பும்.

இனி அந்தப் பட்டுப் புடவை. ஜரிகை இல்லாத உடல் பாகத்தில், நீளவாக்கில் வில்லின் அகலத்துக்கு இரண்டு பட்டைகள் கிழித்து, மரப் பசை தடவி முதுகின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பட்டின் இழைகள் மரத்தின் சிம்புகளை எழும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். இது மேல்நாட்டு வில் ஆசாரிகளும் கையாளும் வழி. ஆனால் கெட்ட மரத்தைப் பட்டு காப்பாற்றாது. எங்கள் வில்லுக்குப் போட்டது என் கல்யாணத்துக்கு அம்மா எடுத்த அரக்குப் புடவை. மடிப்பெல்லாம் விட்டுப்போய் உடுத்த முடியாமல் இருந்தது. தூக்கிப் போடவும் மனம் வராமல் 15 வருஷமாகப் பெட்டியில் கிடந்தது.

குழாய் வேலை

இதுதான் இந்த வில்லின் விசேஷம். லேத் பட்டறையில், நல்ல கனமான பித்தளைக் குழாய் ஆறு அங்குலம் வெட்டி, இலேசாக அழுத்தி முட்டை வடிவமாக்கித் தரச் சொல்லுங்கள். வட்டமாக இருந்தால் மரம் உள்ளே சுழன்றுவிடும். முட்டை வடிவமானால் சுழலாது. இரண்டு துண்டுகளின் பிடிப் பாகத்தையும் அந்த வடிவத்துக்கே அரத்தால் ராவுங்கள். வெட்டு முகம் இரண்டும் நேராக இருந்து, குழாயின் நடுவில் முகத்தோடு முகம் முட்ட வேண்டும்.

ஒரு துண்டை நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டும். குழாயின் உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அரால்டைட் தடவிச் செருகி, ஓர் இரவு தொடாமல் வையுங்கள். மற்றத் துண்டு, கையால் அழுத்தினால் இறுக்கமாகப் போய், திருகாமல் இழுத்தால் வெளியே வர வேண்டும். அவசரப்பட்டு அதிகம் ராவித் தளர்ந்துவிட்டால், மெல்லிய துணி சுற்றி அரால்டைட் பூசி, காய்ந்ததும் மறுபடி ராவிச் சரி செய்யலாம். பொருந்தியபின் மர முனையில் இரண்டு தடவை வார்னிஷ் கொடுத்து மெழுகுவர்த்தியைத் தேய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் மழைக் காலத்தில் மரம் உப்பி, ஐப்பசியில் மாட்டியதைத் தையில்தான் கழற்ற முடியும்!

"ஒட்டாத துண்டு எய்யும்போது கழன்று வராதா?" என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. நாண் வில்லின் இரண்டு நுனிகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. ஆகவே நாண் பூட்டியதும் இரண்டு கைகளும் குழாய்க்குள் இன்னும் இறுக்கமாகத்தான் போகின்றன. வில்லைச் சேர்த்து வைப்பது நாண்தான்.

நாணைக் கடையில் வாங்குவதே நலம். ‘டாக்ரான்’ நாண் என்று கேளுங்கள். கொஞ்சமும் நீளாத புதுமாதிரி நாண்கள் மர வில்லுக்கு ஆகாது. நுனியில் அதிர்ச்சி அதிகம். நுனிகளில் நாண் உட்கார அரத்தால் பள்ளம் போட்டு, பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஆறு அங்குல இடைவெளி வரும்படி பூட்ட வேண்டும்.

கை சமமாக வளைய வேண்டும்

மாவு அரைத்தவுடன் இட்லி ஆகிவிடுமா? வளைகிற கட்டை தயாராகிவிட்டால் மட்டும் அது வில்லாகாது. இரண்டு கைகளும் ஒரே மாதிரி, அடி முதல் நுனி வரை ஒரே சீராக வளையும்படி பழக்க வேண்டும். வில் செய்வதில் முக்கால் பங்கு வேலை இதுதான்.

ஒரு கட்டையின் தலையில் வில்லின் பிடி உட்காரும்படி பள்ளம் வெட்டுங்கள். கட்டையின் உடம்பில் அங்குலத்துக்கு ஒரு பள்ளம். வில்லை மேலே வைத்து, நாணை ஒரு பள்ளத்தில் மாட்டி, எட்ட நின்று பாருங்கள். எந்தக் கை குறைவாக வளைகிறது? எந்தக் கையிலும் எந்த இடம் பலகை போல் நேராக நிற்கிறது? அந்த விறைத்த இடத்தில் பென்சிலால் குறி போட்டு, அங்கே மட்டும் இருபது தடவை சுரண்டுங்கள். பிறகு முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுங்கள். சுரண்டியது மரத்துக்குத் தெரிய அவ்வளவு நேரம் ஆகும். மறுபடி பாருங்கள். சமமானால்தான் அடுத்த அங்குலத்துக்குப் போகலாம். சமமாகாமல் ஓர் அங்குலம்கூட அதிகம் இழுக்கக் கூடாது.

எங்கள் இலக்கு, 24 அங்குலம் இழுக்கும்போது 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ. பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்தால் கணக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வாரம் சுரண்டினேன். தினம் ராத்திரி பாத்திரம் கழுவி வைத்தபின் ஒரு மணி நேரம். 18 அங்குலத்துக்கு வந்திருந்தோம். இடது கை நன்றாக வளைந்தது. வலது கை கொஞ்சம் விறைப்பு. "இன்னும் இரண்டு நாள் வேலை இருக்கிறது" என்றார் மாமனார். ஆனால் அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மகளின் முகாம் ஆசிரியர் பிள்ளைகளை மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தார். வில்லோடு வருவதாக அவள் தோழிகளிடமெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வில்லைக் கையில் எடுத்தேன். கட்டையில்கூட வைக்கவில்லை. 18... 19... 20... வலது கை இன்னும் விறைப்புத்தான். பரவாயில்லை, எய்ய எய்யச் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு 22-க்கு இழுத்தேன்.

தீபாவளி வெடி போல் ஒரு சத்தம். இடது கை பாதியில் முறிந்து, நுனித் துண்டு பறந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தில் அடித்தது. பட்டு பிடித்திருந்தும் நிற்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்பு என் மகள் அந்தக் கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, "சீக்கிரம் அம்மா" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தாள், அவ்வளவுதான். அதை இப்போது எழுதும்போதும் என் கை நிற்கிறது.

முறியாத கையைப் பார்!

மாமனார் எழுந்து வந்தார். கண்ணாடித் துண்டுகளை ஓரமாகக் கூட்டினார். நான் முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் மரம் பலவீனமாக இருந்திருக்கிறது, மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "முறிந்த கை தப்புப் பண்ணவில்லை, அம்மா. முறியாத கையைப் பார்" என்றார்.

பார்த்தேன். வலது கை, இடது கையைவிட ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் கூடுதலாக இருந்தது. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மரத்தின் கணக்கு வேறு. கனம் பத்தில் ஒரு பங்கு கூடினால், விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்தக் கை தன் பங்குக்கு வளைய மறுத்தது. அது வளையாத அளவையும் சேர்த்து மற்றக் கை வளைந்தது. எத்தனை அங்குலம் இழுத்தாலும் அதுவே கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் முறிந்தது. விறைத்த கைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்று இரவு வெகு நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். பதினோரு பேர் இருந்த குடும்பத்தில் அவள்தான் முதலில் எழுந்து கடைசியில் படுப்பாள். யாருக்கு எது வேண்டுமானாலும் அவள்தான் வளைந்து கொடுப்பாள். ஐம்பது வயதில் படுக்கையில் விழுந்தபோது உறவினர் எல்லாரும், "அவளுக்கு எப்போதுமே உடம்பில் பலம் போதாது" என்றார்கள். முறிந்த கையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். முறியாத கைகளை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அதனால்தான் வில் வித்தையில் ஒரு கண்டிப்பான விதி. வளைகிற கையைத் தொடாதே. விறைத்த கையைச் சுரண்டு.

இரண்டு துண்டு வில்லின் இரண்டாவது லாபம் அப்போதுதான் தெரிந்தது. ஒரே கட்டையில் செய்த வில் முறிந்தால் மொத்தமும் அடுப்புக்கு. எங்களுக்கோ, குழாய் ஒட்டியிருந்த வலது கை பத்திரமாக இருந்தது. பலகையில் மிஞ்சிய மூன்றாவது துண்டை எடுத்து, புதிதாக ஓர் இடது கை செய்தோம். புடவையிலும் இன்னொரு பட்டை மீதி இருந்தது.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. வில்லைக் கட்டையில் கட்டி, கயிற்றைக் கீழே ஒரு கப்பி வழியாகக் கொண்டு போய், பத்தடி எட்ட நின்று இழுத்தேன். ஒவ்வொரு அங்குலத்திலும் கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு கைகளையும் ஒப்பிட்டோம். மகளுக்கு அறைக்குள் நுழையத் தடை. நான்காவது வாரம் சலிப்புத் தட்டியது. அப்போது மாமனார் ஒரு சங்கதி சொன்னார். 1991-இல் ஆல்ப்ஸ் மலையின் பனிக்கட்டியில், 5,000 வருஷங்களுக்கு முன் இறந்த ஒரு மனிதனின் உடல் கிடைத்ததல்லவா? அவன் பக்கத்தில் ஆறடி நீளத்தில் ஒரு மர வில்லும் இருந்தது. செதுக்கின தழும்புகளோடு, வேலை முடியாமல் இருந்த வில்! "அவனுக்கே முடியவில்லை, உனக்கு நாலு வாரம் அதிகமா?" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணாடிச் சில்லை எடுத்தேன்.

ஐந்தாம் வாரம் 24 அங்குலத்தில் தராசு 20 பவுண்டு காட்டியது. இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று நிழல் போல் வளைந்து நின்றன.

மறக்கக் கூடாதவை

வில் விளையாட்டுச் சாமான் அல்ல. 20 பவுண்டு வில்லின் அம்பு, முனை மழுங்கியதானாலும், ஒரு கண்ணைக் கெடுக்கப் போதுமானது. மொட்டை மாடியிலும் தெருவிலும் எய்யவே கூடாது. பின்னால் மண் மேடு உள்ள திறந்த மைதானத்தில், பழகினவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் எய்ய வேண்டும். குழந்தை தனியாக வில்லை எடுக்கக் கூடாது.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய வேகம் வில்லின் மேலேயே திரும்பும், வில் முறியலாம். எய்து முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்க வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன், ஒரு பஞ்சுத் துண்டால் கைகளை மெதுவாகத் தடவிப் பாருங்கள். சிம்பு எழும்பியிருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பஞ்சில் இழுபடும். இழுபட்டால் அன்றைக்கு எய்ய வேண்டாம். ஒரு கையில் சிம்பு கிளம்பினால் மற்றக் கையின் விறைப்பையும் சோதித்துப் பாருங்கள். காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை

என் மகள் இப்போது ஞாயிறுதோறும் மைதானத்துக்குப் போகிறாள். வில் இரண்டு துண்டாக, தாத்தாவின் பழைய கைக்குடை உறைக்குள் அடங்கிவிடுகிறது. ஆட்டோக்காரர்கூட, "மழை வருமா பாப்பா?" என்றுதான் கேட்கிறார். மைதானத்தில் அவள் உறையிலிருந்து அவற்றை எடுத்து, ‘டக்’கென்று குழாயில் மாட்டி, நாண் பூட்டும்போது மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அரக்குப் பட்டு வெயிலில் மின்னுகிறது.

வீட்டிலே ஒரு மாறுதல் உண்டு. சென்ற வாரம் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. நான் அலுவலகத்திலிருந்து வந்து சமைத்துப் பரிமாறி, பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் நாற்காலியில் சாய்ந்து பத்திரிகையை விரித்தார். மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல், "வலது கை கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. இழைக்க வேண்டும்" என்றார்.

என் மகள் கலகலவென்று சிரித்தாள். என் கணவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.